இணைந்துள்ள கருவிகள்

ரவுட்டரை ஃப்ரிட்ஜுக்கு மேலே
அமுலு வீட்டுச் சுவரோரமாய் ஆணியடித்து மாட்டினோம்.
இடையில் ஒற்றைச் செங்கல்தான்.
அவள் வெங்காயம் நறுக்கினால்
என் கட்டில் கால் அதிரும்.
கொம்பு இரண்டில் ஒன்று நமக்கு, ஒன்று அவர்களுக்கு
என்றான் மகன்.
பொய்தான். நன்றாக இருந்தது.

மாதம் ஐந்நூற்றுத் தொண்ணூறு.
பாதி இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.
ஒன்றாந்தேதி மூன்று நூறாய்க் கொடுப்பாள்.
மீதி ஐந்து ரூபாய்க்கு
நான் கொத்துமல்லி வாங்கித் தந்துவிடுவேன்.

பாஸ்வேர்டும் மகன் வைத்ததே:
கேட் போட்டாச்சு.
கொருக்குப்பேட்டையில் எதற்குத் தாமதமானாலும்
சொல்கிற காரணம்.
பள்ளிக்கூடம், பிரசவம், சாவு வீடு,
எல்லாவற்றுக்கும் அதே கேட்,
அதே கூட்ஸ் வண்டி.
ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல்,
அமுலு வீட்டு ஃபோன் ஒவ்வொன்றிலும்
அவனே போய் அடித்துக் கொடுத்தான்.
மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஃபோனிலும்.

பிறகு தண்ணி லாரி.
பங்குனி வெயில், ஹோஸ் இழுபறி.
என் நீலக் குடத்தை அவள் தள்ளினாளா, தானாய் உருண்டதா,
இன்றுவரை தீர்ப்பில்லை.
அவள் என் வாயைச் சொன்னாள்.
நான் அவள் மகளைச் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

"மாத்திடவாம்மா? ஒரு நிமிஷ வேலை."
"நாளைக்கு" என்றேன்.
அந்த நாளைக்கு ஏழு மாசம் ஆயிற்று.

ஒன்றாந்தேதி தவறாமல்
ஜிபேயில் வந்தது
இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.
ஒரு பைசா கூட இல்லை, ஒரு வார்த்தை இல்லை.
அந்தத் துல்லியம் இருக்கிறதே,
செருப்பால் அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

ராத்திரியில் எக்ஸ்போர்ட் சட்டைகளுக்குப் பட்டன் தைப்பேன்.
கண் எரிந்தால்
ஃபோனில் அந்தப் பட்டியலைத் திறப்பேன்.
வேவு என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.
'கொருக்குப்பேட்டை கிங்' அவள் சின்னவன்;
பதினோரு மணிக்குச் சட்டென்று மறைந்தால்
முதுகில் ஒன்று விழுந்திருக்கிறது.
அமுலுவின் பழைய சாம்சங்
சார்ஜ் நிற்காமல் விட்டு விட்டு வரும்.
ஐந்தரைக்கு அவள் புருஷன் கழன்றால்
ஹார்பரில் முதல் ஷிஃப்ட்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, அடைமழை.
இரண்டு பத்துக்கு
பட்டியலில் ஒரு வரி கூடியது.
வெண்மதி ரெட்மி.

மீஞ்சூரில் இருக்க வேண்டிய ஃபோன்.
படியேறும்போதே,
யாரையும் கேட்காமல்,
கேட் போட்டாச்சு என்று தானே சொல்லி
உள்ளே வந்துவிட்டது.
மாப்பிள்ளை ஃபோன் வருகிறதா என்று பார்த்தேன்.
இரண்டு இருபது.
இரண்டு நாற்பது.

சுவருக்கு அந்தப் பக்கம்
நாற்காலி இழுபட்டது.
குழாய் திறந்து மூடியது.
அழுகை என்று எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்.

மின்னல் வெட்டினால் சுவிட்சை அணைக்கச் சொல்லி
கேபிள் சம்பத் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார்.
வெட்டிக்கொண்டுதான் இருந்தது.
ஸ்டூல் போட்டு ஏறிக் கைவைத்தேன்.
பச்சை விளக்கு படபடவென்று துடித்தது:
அந்தப் பக்கம் யாரோ
யாருக்கோ
நீளமாய் எதையோ அனுப்புகிறார்கள்.
இறங்கிவிட்டேன்.
எரிந்தால் எரியட்டும், ஆயிரத்து இருநூறு ரூபாய்.

மூன்றாம் நாள் தெரு வந்து நின்றது.
"வெண்மதி வந்துக்கீதாமே, இன்னா விஷயம்?"
"எனுக்கின்னா தெரியும்?
எனுக்கும் அவளுக்கும்தான் பேச்சே இல்லியே."
அந்தச் சண்டை
அதற்குமுன் எதற்கும் உதவியதில்லை.

ஒன்றாந்தேதி காலை
ஃபோன் முனகியது.
முந்நூறு.

விரல் தவறி அழுத்தியிருக்கலாம்.
பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
கேட் போட்டிருந்தது, நிஜமாகவே.
கூட்ஸ் வண்டி மொத்தமும் போனபிறகு
தள்ளுவண்டிக்காரன் சொல்கிறான்,
கொத்துமல்லி இப்போதெல்லாம்
பத்து ரூபாய்க்குக் குறைந்து கிடையாதாம்.